காவிரிக்குப் பதில் கொள்ளிடம்

ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் முடிகிற இரண்டு ஷிஃப்டுகளை இரண்டு பேர் எதற்காகத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள்?

காலையில் எழுந்ததிலிருந்து கமலினி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் யோசிக்கப் பிடிக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கூடத்தில் ஹ்ருஷிகேஷின் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மாமியார் வேதவதி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏற்கெனவே ரெண்டு கிலோ ஜாஸ்தி. கவுன்டர்ல விடமாட்டா."

"உன் சட்டையை எடுத்துடு. சட்டை அங்கே கிடைக்கும், நார்த்தங்காய் கிடைக்குமோ?"

"எல்லாம் கிடைக்கறதும்மா."

"கிடைக்கும். நான் போட்டது கிடைக்குமா?"

ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஹ்ருஷிகேஷ் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சட்டையை வெளியே எடுத்தான். அடுக்களை வாசலில் நின்ற கமலினி பார்த்தாள். இந்த லீவில் சின்னக்கடை வீதியில் அவள் தேடிப் பிடித்து வாங்கிக்கொடுத்த நீலச் சட்டை அது.

அதைத்தான் எடுக்கத் தோன்றியதா?

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாறு நாளாகவே அவள் ஒன்றும் சொல்வதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூரில் விமான என்ஜின்களைப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டுகிற பட்டறையில் ஹ்ருஷிகேஷ் டெக்னீஷியன். மூன்று வருஷம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனவன். அந்த மூன்று வருஷம் முடிகிற நேரத்தில் லீவில் வந்தான். வந்த இடத்தில், அவனுடைய சிநேகிதன் ஒருவன் வாழ்த்துச் சொல்லப் போன் செய்தபோதுதான், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அவன் கையெழுத்துப் போட்டுவிட்டது கமலினிக்குத் தெரிந்தது.

"ஏன் சொல்லலே?" என்று கேட்டாள்.

"சொன்னா லீவு முழுக்க நீ அழுதிருப்பே" என்றான்.

அதற்குப் பிறகு அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. 'தளிகை ஆயிடுத்து', 'துணி காஞ்சிடுத்து' என்பதோடு சரி. மாமியார் எதிரில் மட்டும் அவனுக்குப் போடுகிற 'நீங்கோ'வைத் தனியாக இருக்கும்போதும் போட்டாள். கோபத்தில் கத்துகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். மரியாதை கொடுக்கிறவளை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இன்று மதியம் விமானம். அடுத்த லீவு ஒரு வருஷம் கழித்து. இன்றைக்குப் பேசாவிட்டால் இந்தப் பேசாமையோடேயே அந்த வருஷம் ஓட வேண்டும். போனிலேயே சண்டை போட்டு, போனிலேயே சமாதானமாகிற தம்பதிகள் இருக்கிறார்கள். இவர்கள் அந்த ரகம் இல்லை. போனில் 'சாப்டாச்சா'வைத் தாண்டி இவர்களுக்கு வார்த்தை வராது.

"நான் ஆபீஸ் கிளம்பறேம்மா."

"இன்னிக்குமா? லீவு போட்டிருக்கப்படாதோ?"

"சாயந்திரம் மெட்ராஸ் ஆபீஸோட மீட்டிங். நீங்க ரெண்டு பேரும் டாக்ஸில வந்துடுங்கோ. நான் வாசல்ல வந்து நிக்கறேன்."

மீட்டிங் இருந்தது உண்மை. லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் லீவு போட்டால் பேச வேண்டும். பேசினால், அவன் சொன்ன மாதிரியே அழ வேண்டியிருக்கும்.

காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் ஏறியதும் அவள் மறுபடியும் ஷிஃப்டுக் கேள்விக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

* * *

விமான நிறுவனங்கள் விமானத்தையும் விமானிகளையும்தான் கொண்டுவருகின்றன. தரையில் நடக்கிற வேலைகளைச் செய்ய வேறு நிறுவனங்கள் உண்டு. கவுன்டரில் பெட்டியை எடை போடுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, விமானத்தின் வயிற்றில் சாமான் ஏற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. திருச்சி விமான நிலையத்தில் அப்படி ஒரு நிறுவனமான 'வான்துணை'யில் கமலினி மனிதவள அதிகாரி.

ஊழியர்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு குழுக்களாக வேலை செய்வார்கள். ஒன்றுக்குக் காவிரி என்று பெயர்; மற்றதற்குக் கொள்ளிடம். இரண்டுக்கும் ஒரே நேரம், ஒரே சம்பளம், ஒரே வேன், ஒரே கேன்டீன். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலை ஷிஃப்டைக் கொடுத்து மாலை ஷிஃப்டை வாங்கினால் புரிந்துகொள்ளலாம். ஆனால் மதிய ஷிஃப்டைக் கொடுத்துவிட்டு அதே மதிய ஷிஃப்டை வாங்குகிறவர்களை என்ன செய்வது? ஒரு நாள் மட்டும் காவிரிக்காரர் கொள்ளிடத்துக்குப் போவார். கொள்ளிடத்துக்காரர் காவிரிக்கு வருவார். மறுநாள் இருவரும் பழைய இடத்துக்கே போய்விடுவார்கள்.

தென்னாட்டில் நிறுவனத்துக்கு உள்ள எந்த விமான நிலையத்திலும் இல்லாத வழக்கம் இது.

போய் உட்கார்ந்ததுமே மெட்ராஸிலிருந்து ரங்கநாதன் கூப்பிட்டார். அவளுடைய மேலதிகாரி. குரலை உயர்த்தாத மனிதர். அதனாலேயே அவரிடம் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

"காரணம் கிடைச்சுதாம்மா?"

"எல்லாரும் 'சொந்த வசதி'ன்னுதான் போட்டிருக்காங்க சார்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"சாயந்திரம் மீட்டிங்ல சொல்லுங்க. சரியான காரணம் இருந்தா யோசிக்கலாம். இல்லேன்னா திங்கள்கிழமையிலேருந்து ஷிஃப்ட் மாத்தறதையே நிறுத்திடறேன். எனக்கு வேற வழி இல்லை."

அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. ஒரு குழு என்பது வெறும் தலைக்கணக்கு இல்லை. அந்தந்த விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் பயிற்சி பெற்றவர் ஒருவர் வேண்டும். அபாயமான சரக்கை அடையாளம் காணத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். விமானத்தைப் பின்னால் தள்ளுகிற வண்டியை ஓட்ட உரிமம் உள்ளவர் வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரியான கமலினிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்பெருமாள் புறப்பாட்டில் தோளுக்கினியான் என்கிற பல்லக்கைச் சுமக்கிறவர்களை, உயரத்துக்கு உயரம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். முன்னால் ஒருவரை மாற்றினால் பின்னால் ஒருவரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெருமாள் சாய்ந்துவிடுவார். ஷிஃப்டும் அப்படித்தான். கடைசி நேரத்தில் ஒருவர் மாறினால், மொத்தக் குழுவையும் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் இந்த மாற்றங்களை நிறுத்தினால் என்ன ஆகும்? ஊழியர்களின் மனநிலையை அறிய நிறுவனம் நடத்துகிற கேள்விப் படிவத்தில் திருச்சிதான் எப்போதும் முதலிடம். 'இந்த வேலையை விட மாட்டேன்' என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் அதிகம். எது அவர்களை இங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல், அதையே பிடுங்கி எறிந்துவிட்டால்?

கேன்டீனில் வேணியைப் பிடித்தாள். மருங்காபுரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கவுன்டரில் வேலை. போன வாரம் அவளும் ஒரு நாள் குழு மாறியிருந்தாள்.

"ஏன் வேணி, காவிரியில என்ன குறைச்சல்?"

"குறைச்சலா? ஒண்ணுமில்லையே மேடம்."

"அப்புறம் ஏன் மாத்தினே?"

"சும்மாதான் மேடம். ஒரு சேஞ்சுக்கு."

"ஒரே ஒரு நாளைக்கு மட்டுமா?"

வேணி கமலினியின் டம்ளரைப் பார்த்தாள். "மேடம், டீ ஆறுது."

டீயைக் குடித்துக்கொண்டே கமலினி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். மேற்பார்வையாளர் பிடிக்கவில்லையா? இரண்டு குழுவுக்கும் பிச்சமுத்துதான் மேற்பார்வையாளர். சிநேகிதர்களோடு சேர்ந்து வேலை செய்யவா? யார் கிடைத்தாலும் மாற்றிக்கொள்கிறார்களே. வேலை குறைவா? இரண்டிலும் ஒரே வேலைதான். எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சம் ஒன்றும் இல்லை.

* * *

கமலினிக்கும் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பஸீலாவுக்கும் தினம் ஒரு வேலை உண்டு. ஏதாவது ஒரு விமானத்தோடு, கவுன்டரிலிருந்து விமானத்தின் வாசல்வரை கூடவே நடந்து, ஊழியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு ரவுண்டு என்று பெயர். இன்று மதியம் கமலினிக்குக் காவிரிக் குழு பார்க்கும் கொழும்பு விமானம். பஸீலாவுக்குக் கொள்ளிடம் பார்க்கும் சிங்கப்பூர் விமானம்.

"பஸீலா, இன்னிக்குக் கொழும்பை நீ எடுத்துக்கறியா? சிங்கப்பூரை நான் பாத்துக்கறேன்."

"ரெண்டும் ஒரே நேரம்தானேக்கா?"

"ஆமா. சும்மாதான்."

பஸீலா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள்.

மாற்றத்தைப் பதிவு செய்வது பிச்சமுத்துவின் வேலை. காட்டூர்க்காரர், நரைத்த மீசை, எந்த அவசரத்திலும் ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார்.

"சிஸ்டம் காரணம் கேக்குதுங்க மேடம். என்ன போட?"

"சொந்த வசதின்னு போடுங்க."

பிச்சமுத்துவின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"எல்லாரும் அதைத்தாங்க மேடம் போடுறாங்க" என்றார்.

கமலினி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரே நேரம், ஒரே வேலை. மாறுவது குழு மட்டும் இல்லை, விமானமும் மாறுகிறது. அவள் இப்போது மாறியதும் ஹ்ருஷிகேஷ் போகிற விமானத்துக்குத்தான். ரவுண்டு போகிற விமானம் தவிர, எந்தக் குழுவுக்கு எந்த விமானம் என்பது அவளுடைய திரையில் வராது. பிச்சமுத்துவின் பலகையில்தான் இருக்கும். அவள் நாள்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது பாதிப் படத்தை.

"வேணி வீட்டிலேருந்து போன வாரம் யார் போனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க அண்ணன் அருள்ராஜ். மலேசியாவுக்கு. கட்டட வேலை."

"உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்னு சொன்னா எனக்கு மெமோ வருமே மேடம்." பிச்சமுத்து இப்போதுதான் திரும்பினார். "இந்த ஏர்போர்ட்டுல வேலை பாக்கிறவங்க யாரு? எல்லாம் இந்தச் சுத்துப்பட்டு ஆளுங்கதான். வீட்டுக்கு ஒருத்தர் வெளியில இருக்காங்க. எங்க வீட்டுல ரெண்டு பேர். மத்தவங்க எல்லாம் வாசக் கண்ணாடியோட நின்னுடணும். நம்மாளுங்களுக்குத்தான் கழுத்துல பாஸ் தொங்குது. உள்ள வரலாம், கடைசி வரைக்கும் கூட நடக்கலாம். இதைவிட என்னங்க மேடம் வேணும் ஒருத்தனுக்கு? சம்பளம் எல்லா இடத்துலயும் குடுக்கிறான்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லலே?"

"ரூல் இருக்கே."

ஆமாம், இருந்தது. சொந்தக்காரர் பயணம் செய்யும் விமானத்தில் ஊழியர் வேலை செய்யக் கூடாது. வேறு ஏதோ ஊரில் ஒருவர் தன் மைத்துனனின் பெட்டியை எடைக்கு மேல் சும்மா விட்டுவிட்டாராம். அதற்காக மெட்ராஸில் போட்ட விதி.

ஆக, காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் மாற்றிக்கொண்ட அத்தனை பேரும் விதியை மீறியவர்கள் ஆவார்கள். சொல்லாவிட்டால் திங்கள்கிழமை முதல் அத்தனை பேரும் கண்ணாடிக்கு வெளியே.

"மேடம்" என்றார் பிச்சமுத்து. "உங்களுதை என்ன செய்ய? போடவா, வேண்டாமா?"

கமலினி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"போடுங்க" என்றாள்.

* * *

புது முனையத்தின் வாசலில் வேன்கள் நின்றன. ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே போன அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

டாக்ஸியிலிருந்து முதலில் இறங்கியது பெட்டி. அப்புறம் ஹ்ருஷிகேஷ். விமானத்துக் குளிருக்காக மேலே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டிருந்தான். அம்மாவை அந்த வாசலிலேயே விழுந்து சேவித்தான். கமலினியைப் பார்த்து, "வரட்டுமா?" என்றான்.

"போயிட்டு வாங்கோ" என்றாள்.

அவ்வளவுதான். பாஸ்போர்ட்டைக் காட்டினான், உள்ளே போனான், கவுன்டர் வரிசையின் வளைவில் மறைந்தான்.

வேதவதி கண்ணாடியைவிட்டு நகரவில்லை. "இந்தக் கோடு வரைக்கும்தான் நம்ம பாத்தியதை" என்றாள். பிறகு மருமகளின் கழுத்தில் தொங்கிய பாஸைப் பார்த்தாள்.

"நீ உள்ளே போகலாமோன்னோ?"

"டியூட்டிக்குத்தான் போகலாம்மா."

"இன்னிக்கு டியூட்டி உண்டோ?"

கமலினி பாஸைக் கையால் மூடிக்கொண்டாள். வேதவதி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "பெருமாள் துளசி. காலம்பற வாங்கினேன், குடுக்க மறந்துட்டேன். கொண்டுபோய்க் குடு."

"செக்கிங் தாண்டினப்புறம் பிரயாணிக்கு ஒண்ணும் குடுக்கப்படாதும்மா. ஒரு இலைகூட."

"ஒரு வார்த்தை?"

கமலினி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கணக்கு டீச்சர். அஞ்சாறு நாளா ரெண்டு பேரும் என்ன பேசறேள்னு கூட்டிப் பாத்துண்டுதான் இருக்கேன். பூஜ்யம்தான் வரது. சாமானுக்குத்தான் எடை, அதை நிறுத்துப் பாப்பா. வார்த்தைக்கு எடை ஏது? போ."

* * *

சிங்கப்பூர் விமானத்துக்கு அழைப்பு வந்தது. விமானத்தோடு கட்டடத்தை ஒட்டவைக்கிற நீளமான கூண்டுப் பாதைக்கு ஏரோபிரிட்ஜ் என்று பெயர். கமலினி அதன் முனையில் நின்றாள். முதலில் சக்கர நாற்காலிகளை அனுப்புவார்கள்.

அரியமங்கலத்து வீரமலை ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் காளியாயி என்கிற வயதான அம்மாள். மகன் வீட்டுக்குப் போகிறவள். நாற்காலியை ஒட்டினாற்போல, அம்மாளின் பையைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம் பெண். வீரமலை ஏரோபிரிட்ஜில் இவ்வளவு மெதுவாக நடந்து கமலினி பார்த்ததில்லை.

"பாத்துப் போகணும்" என்று அவர் நாற்காலியிடம் சொன்னார். "அங்க மழை ஜாஸ்தி. தலைக்குக் குளிச்சா நல்லாத் துவட்டணும். ஈரத் தலையோட டூட்டிக்குப் போகக் கூடாது."

"எனக்கு ஏதுய்யா டூட்டி?" என்றாள் காளியாயி. "தலையில இருக்கிறதே நாலு முடி."

"நேரத்துக்குச் சாப்பிடணும். மத்தவங்களுக்கு மருந்து குடுத்துக் குடுத்து, தான் சாப்பிட மறந்துடக் கூடாது."

காளியாயி கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் தலையைக் குனிந்தபடி வருகிற பெண்ணைப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து பையின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, இதுக்கா என்னைய உருட்டிக்கிட்டு வர்றே?" என்றாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் மெதுவாத் தள்ளு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அந்தப் பெண் சுபலட்சுமி. வீரமலையின் மகள், நர்ஸ் வேலை கிடைத்துப் போகிறாள். விமானத்தின் வாசலில் காளியாயியை இறக்கிவிட்டு, வீரமலை காலி நாற்காலியோடு நிமிர்ந்து நின்றார். மகள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளவில்லை. அப்படியே திரும்பியவர் கமலினியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்... தெரியாமத்தான்..."

"அங்கயே நில்லுங்க வீரமலை" என்றாள். "கதவு மூடற வரைக்கும் நில்லுங்க."

வரிசை நகர்ந்தது. கூட்டத்தில் ஹ்ருஷிகேஷ் வந்தான். ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தான். நீலச் சட்டை போட்டிருந்தான். காலையில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தது விட்டுவிட்டுப் போவதற்கு இல்லை.

அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர் அவன்மேல் இடித்துக்கொண்டார்.

"நீ எப்படி இங்கே?"

"ரவுண்டு."

"நிஜமாவா?"

"இல்லை."

ஏரோபிரிட்ஜ் நீளம் அதிகமில்லை. ஒரு சின்னத் தெருகூட இல்லை. சேர்ந்து நடந்தார்கள். கழுத்தில் பாஸ் தொங்குகிறபோது அழக் கூடாது என்று கமலினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீ போறதுல எனக்குக் கோபம் இல்லே, ஹ்ருஷி" என்றாள். 'நீங்கோ' எங்கேயோ விழுந்துவிட்டது. "ரெண்டு வருஷம்ங்கறது ரெண்டு பேரோடது. அதுல நீ மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கே. கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனோ என்னவோ."

"வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"அதுக்குத்தான் பயந்தியா?"

"ஆமா."

"அழுவேன்னா?"

"இல்லே." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "வேண்டாம்னு சொல்லியிருந்தா இங்கேயே இருந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். அதான் கேக்கலே."

விமானத்தின் வாசல் வந்துவிட்டது. ஏரோபிரிட்ஜுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதன் வழியாகத் திருச்சியின் வெயில் உள்ளே வந்தது. ஒரு கால் இந்தப் பக்கம் இருக்கும்போதே ஹ்ருஷிகேஷ் திரும்பினான்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் கையெழுத்தை வாபஸ் வாங்கலாம், கமலி. இப்போ கேக்கறேன். வாங்கட்டுமா?"

பின்னால் கூட்டம் நெருக்கியது. உள்ளே பணிப்பெண் கைகூப்பி, "வாங்க சார்" என்றாள்.

"இறங்கினதும் கூப்பிடறேன். அதுக்குள்ளே யோசிச்சு வை" என்று சொல்லிவிட்டு, ஹ்ருஷிகேஷ் இன்னொரு காலையும் உள்ளே எடுத்து வைத்தான்.

கதவு மூடும்வரை வீரமலை ஒரு பக்கமும் கமலினி ஒரு பக்கமும் நின்றார்கள். கூண்டுப் பாதை விலகி, விமானம் பின்வாங்கியதும், வீரமலை காலி நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

* * *

"சொல்லுங்கம்மா" என்றார் ரங்கநாதன், திரையில்.

"இன்னிக்கு நானும் ஒரு மாத்தம் போட்டேன் சார். சிங்கப்பூர் விமானத்துல என் கணவர் போனார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரூல் தெரியும்ல?"

"அதை எல்லாருக்கும் அனுப்பினதே நான்தான் சார். நீங்க எனக்கு மெமோ குடுக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க. நாம எதுக்குப் பயந்து அந்த ரூலைப் போட்டோம்? எடைக்கு. எடை எங்கே இருக்கு? கவுன்டர்ல. பெட்டி அங்கேயே பெல்ட்டுல போயிடறது. அதைத் தாண்டினா ஊழியர் குடுக்கறதுக்கும் ஒண்ணும் இல்லை, பயணி வாங்கறதுக்கும் ஒண்ணும் இல்லை. ஏரோபிரிட்ஜ்ல எடை மெஷின் கிடையாது சார். கூட நடக்கத்தான் முடியும்."

ரங்கநாதன் கழற்றிய கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"இவங்க சம்பளத்துக்காக மட்டும் இங்கே இல்லை. வீட்டு ஆளோட கடைசி வரைக்கும் நடக்கலாம்னு இருக்காங்க. அதை ஒளிச்சுச் செய்ய வெச்சுட்டோம். அதனாலதான் கடைசி நேரத்துல மாத்தறாங்க. உங்களுக்கும் குழு குலையறது. டிக்கெட் எடுத்த அன்னிக்கே அவங்க சொல்லிட்டா, அட்டவணை போடும்போதே சரியான ஆட்களைச் சேர்த்துடலாம்."

"வீட்டு ஆளுன்னா? ஊர்ல பாதிப் பேரைச் சொல்லுவாங்களே."

"ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவங்க, இல்லேன்னா கூடப் பிறந்தவங்க. அவ்வளவுதான் சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "திரும்பி வர்றப்போ?" என்று கேட்டார் ரங்கநாதன்.

கமலினிக்கு முதல்முறையாக அன்று சிரிப்பு வந்தது. "அதுக்கும்தான் சார்."

"எழுதி அனுப்புங்க. சோதனைக்கு ஒரு மாசம். மெமோவை அப்புறம் பாத்துக்கலாம்."

விமானம் இந்நேரம் வங்கக் கடலுக்கு மேலே எங்கேயோ இருக்கும். போனை மேஜைமேல் திரை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். அவன் கேட்ட கேள்விக்கு என்ன சொல்வது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. 'வாபஸ் வாங்கு' என்றால் அவன் திரும்பி வந்து இங்கேயே இருந்துவிடுவான். அதுவே இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

முதலில், இன்றைய பதிவில் தன் பெயருக்கு எதிரே இருந்த 'சொந்த வசதி'யை அழித்துவிட்டு, 'என் கணவர் ஊருக்குப் போகிறார்' என்று மாற்றினாள். பிறகு எல்லா ஊழியர்களுக்குமான விதியை எழுதினாள்:

'வீட்டு மனிதர் பயணம் செய்கிற நாளை ஊழியர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்று அவர் அந்த விமானத்திலேயே வேலை செய்யலாம். கவுன்டரில் இல்லை, விமானத்தின் வாசலில்.'